காஷ்மீரின் சந்தூரை ஆராய்வது எப்படி?

இசைத்துறையில் முதுநிலை பயிலும் மாணவர் ஒருவர், காஷ்மீரின் நாட்டார் சந்தூர் இசையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், எதைப் படிப்பது, யாரைச் சந்திப்பது, களத்தில் எதைப் பதிவுசெய்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறார். கோலால் தட்டி இசைக்கும் தந்திக் கருவிகளைப் பின்தொடர்ந்து பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தலைப்பிலுள்ள 'நாட்டார்' என்ற சொல்லைப் பார்ப்போம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கல்யாண வீட்டிலும் அறுவடை நாளிலும் ஊர்கூடிப் பாடும் நாட்டார் வடிவத்துக்குச் சக்ரி என்று பெயர். அதில் ரபாப் இருக்கும், சாரங்கி இருக்கும், தும்பக்நாரி என்ற மண் மத்தளம் இருக்கும், பின்னாளில் வந்து சேர்ந்த ஆர்மோனியம் இருக்கும். நம் கடத்துக்கு உறவான 'நோட்' என்ற மண்பானையும் தாளத்துக்கு இருக்கும். மரபான சக்ரியில் சந்தூருக்கு இடமில்லை. சந்தூர் வாழ்ந்த இடம் வேறு: சூஃபியானா மூசிகி எனப்படும் அமர்விசை. அதற்கு மகாம் என்ற பண் ஒழுங்கு உண்டு, பெயரிட்ட தாளங்கள் உண்டு, குருவின் வீட்டில் இருந்து ஆண்டுக்கணக்கில் கற்கும் முறை உண்டு. பாடுபவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் செய்து வாழ்ந்த எளிய குடும்பத்தார். ஆனால் பாடியது ஹாஃபிஸ், ஜாமி, ரூமி என்ற பாரசீகக் கவிஞர்களை. ஆகவே இதை நாட்டார் இசை என்றும் சொல்ல முடியாது. அரசவைச் செவ்வியல் இசை என்று நாம் பழகிய பொருளிலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்த நிலையே ஆராயத் தகுந்த பொருள் என்பது என் கருத்து.

பிறகு 'காஷ்மீரின் நாட்டார் கருவி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இந்துஸ்தானி இசையுலகின் வழியாக வந்தது. ஜம்முவில் 1938இல் பிறந்த சிவகுமார் சர்மா, தம் தந்தை உமா தத் சர்மாவின் தூண்டுதலால் சந்தூரைக் கையிலெடுத்து, 1955இல் மும்பை மேடையில் அரங்கேறினார். தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டுகளான குதிரைகளின் எண்ணிக்கையையும் தந்தி அமைப்பையும் மாற்றி, எல்லாச் சுரங்களும் வரிசையாகக் கிடைக்கும்படி சுருதி சேர்த்து, பீடத்தில் இருந்த கருவியை மடிக்குக் கொண்டுவந்து, ராகம் வாசிக்கத் தகுந்த தனிக் கருவியாக அதை ஆக்கினார். மிகப் பெரிய சாதனை அது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தச் சாதனையைச் சொல்லும்போதெல்லாம், பள்ளத்தாக்கில் கேட்பாரற்றுக் கிடந்த நாட்டார் கருவி மேடையேறியது என்று கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அப்படித் தொடங்கினால், அங்கே ஏற்கெனவே இருந்த இலக்கணமும் குரு மரபும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. நீங்கள் இதுவரை கேட்ட சந்தூர்ப் பதிவுகளில் பெரும்பாலானவை, திரைப்பாடல்களின் பின்னணியில் கேட்டவை உட்பட, இந்தப் புதிய சந்தூரைச் சார்ந்தவையாகவே இருக்கும். காஷ்மீரின் பழைய சந்தூரைக் கேட்கும்போது காதைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

கருவியைக் கிட்டே இருந்து பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். மல்பெரி மரத்தில் செய்த நாற்கரப் பெட்டி. வாசிப்பவரின் பக்கம் அகன்றும் எதிர்ப்பக்கம் குறுகியும் இருக்கும். மேல்பலகையில் 25 குதிரைகள், ஒவ்வொரு குதிரையின் மீதும் ஒரே சுருதிக்குச் சேர்த்த 4 தந்திகள், ஆக 100. ஈரானின் சந்தூரில் 18 குதிரைகள், 72 தந்திகள் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அடிக்கும் கோல் இரண்டு. நுனி மேல்நோக்கி வளைந்த மெல்லிய மரக்கோல்கள். அவற்றைக் கலம் என்கிறார்கள். எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல் அது. நான்கு தந்திகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் அந்தச் சுரம் மட்டும் லேசாக அலைவது கேட்கும். அமர்வு தொடங்குமுன் ஓர் உஸ்தாத், அதாவது இசை ஆசான், குனிந்து, சுருதிச் சாவியை ஒவ்வோர் ஆணியாக மாற்றி மாற்றிப் பொருத்தி, அலையும் அந்த ஒரு தந்தியைத் தேடுவதை நான் முக்கால் மணிநேரம் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறையில் இருந்த ஒருவரும் அவசரப்படவில்லை. பேச்சு மெல்ல அடங்கி, அந்தச் சுரங்களுக்குள்ளேயே எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

அமர்வில் சந்தூர் தனியாக ஒலிப்பது தொடக்கத்தில் சிறிது நேரம்தான். 'ஷக்ல்' என்ற தாளமற்ற முன்னுரையை வாசித்து மகாமின் உருவத்தைக் காட்டிவிட்டு, பாடல் தொடங்கியதும் சந்தூர் குரல்களோடு கலந்துவிடும். உடன் சாஸ்-எ-காஷ்மீர் என்ற வில் கருவி, செஹ்தார் என்ற நீண்ட கழுத்துத் தந்திக் கருவி, தாளத்துக்கு இன்று தபலா. வாசிப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தே பாடுவார்கள். பெரும்பாலும் சந்தூர் வாசிப்பவரே தலைமை தாங்குவார். பாட்டின் ஒவ்வோர் அசையையும் ஒட்டித்தான் கோல் விழும். சிவகுமார் சர்மா கையாண்டதுபோல் கோலைத் தந்தி மீது வழுக்கி நீண்ட ஒலியை உண்டாக்கும் உத்தியை இங்கே தேடிப் பயனில்லை, ஏனென்றால் நீளும் ஒலியைக் குரல்களே தருகின்றன. இதனால்தான் சொல்கிறேன்: சந்தூரை மட்டும் தனியே எடுத்து ஆராயப் புறப்பட்டால் கையில் பாதிதான் வரும். எந்த அமர்வுக்காக அந்தக் கருவி உருவாகி நின்றதோ, அந்த அமர்வை முழுமையாக ஆய்வுப் பொருளாகக் கொள்ளுங்கள்.

இதை நான் ஒரு பிழையின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்ரீநகரின் பழைய நகரப் பகுதியில் ஒரு வீட்டில் முதன்முறையாகப் பதிவுசெய்ய அனுமதி கிடைத்தபோது, இருந்த நல்ல ஒலிவாங்கி இரண்டையும் சந்தூரின் இருபுறமும் மிக அருகில் வைத்தேன். ஒவ்வொரு தட்டும் கண்ணாடிபோல் தெளிவாகப் பதிந்திருந்தது. ஆனால் ஊர் திரும்பி மெட்டை எழுத உட்கார்ந்தபோது, எந்தச் சொல்லின் மீது எந்தத் தட்டு விழுகிறது என்பதை அறியவே வழியில்லை; குரல்கள் தொலைவில் முணுமுணுப்பாக இருந்தன, தபலா அதற்கும் பின்னால். அன்று பாடிய முதியவர் அடுத்த முறை நான் போகும்போது பாடும் நிலையில் இல்லை. அந்த இரவின் பாடல்கள் எனக்குக் கிடைக்காமலே போயின. ஆகவே அமர்வு முழுவதையும் பிடிக்கும்படி ஓர் இணை ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி, உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். தலைவரின் குரலுக்கு ஒன்று. அதற்குப் பிறகு மிஞ்சினால் சந்தூருக்கு ஒன்று.

பதிவு தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதைச் செய்வதில்லை. சுருதி சேர்த்து முடித்ததும், 25 குதிரைகளையும் ஒரு முனையிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் எண்ணையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். மகாம் மாறும்போது சில குதிரைகளின் சுருதியை மாற்றுவார்கள். அப்போது மறுபடியும் அதே வரிசையில் தட்டச் சொல்லுங்கள். எந்தக் குதிரை மாறியது, எவ்வளவு மாறியது, எது மாறாமல் நின்றது என்ற இந்தக் கணக்கு, வாயால் கேட்டுப் பெறும் எந்த விளக்கத்தையும்விட நம்பகமானது. பாடகரிடம் "இந்த மகாமின் ஆரோகணம் என்ன?" என்று கேட்டால், நாம் எதிர்பார்க்கிறோமே என்று மரியாதைக்கு ஒரு சுரவரிசையைச் சொல்லிவிடுவார். கருவியின் சுருதியில் அப்படிப்பட்ட உபசாரம் எதுவும் கலப்பதில்லை.

மகாம் என்பது நாம் முகாமிடுதல் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் அரபு மூலமேதான். இடம், தங்குமிடம் என்று பொருள். சூஃபியானாவின் மகாம்களில் ராஸ்த், செகாஹ், சார்காஹ், நவா, இராக் என்று பாரசீக, அரபுப் பெயர்கள் ஒருபுறம். ஆசாவரி, பிலாவல், தோடி என்று இந்துஸ்தானிப் பெயர்கள் மறுபுறம். இன்ன மகாம் இன்ன பொழுதுக்கு என்ற வரையறையும் உண்டு. இங்கே புதிய ஆய்வாளர் எளிதில் சறுக்குவார். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதால் ஈரானின் செகாஹும் காஷ்மீரின் செகாஹும் ஒன்று என்றோ, இந்துஸ்தானி ஆசாவரிதான் இங்கும் பாடப்படுகிறது என்றோ எழுதிவிட வேண்டாம். பெயர்கள் பயணம் செய்யும். சுரங்கள் வழியில் மாறிவிடும். பண்களுக்கும் ராகங்களுக்கும் இடையிலான பெயர்க் குழப்பத்தை அறிந்த தமிழ் மாணவருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தோற்றக் கதைகளையும் இதே கவனத்தோடு அணுகுங்கள். வேதகால சததந்திரி வீணைதான் சந்தூராயிற்று என்று பல இடங்களில் படிப்பீர்கள். நூறு தந்தி கொண்ட 'வாண' என்ற கருவி வேதச் சடங்கு நூல்களில் பேசப்படுவது உண்மை. ஆனால் அதிலிருந்து காஷ்மீரின் சந்தூர் வரை தொடர்ச்சியாக இழுத்துவரச் சான்றுகள் இல்லை. நூறு என்ற எண் பொருந்துவது மட்டும் வம்சாவளி ஆகாது. 'சந்தூர்' என்ற பெயரை 'நூறு தந்தி' என்று பிரிப்பதும் அப்படித்தான். விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் 'பெசந்தெரின்' என்ற அரமேயச் சொல்லோடும், அதற்கு மூலமான கிரேக்க 'சால்தெரியோன்' என்ற சொல்லோடும் இந்தப் பெயரை இணைப்பதே மொழி வரலாற்றில் வலுவான விளக்கம். சுல்தான் ஜைனுல் ஆபிதீன் ஆண்ட 1420 முதல் 1470 வரையான காலத்தில் குராசான் முதலிய இடங்களிலிருந்து இசைஞர்கள் காஷ்மீர் அவைக்கு வந்ததை அறிகிறோம். அக்காலத்தைச் சமஸ்கிருதத்தில் வரலாறாக எழுதிய ஸ்ரீவரர் தாமே இசை அறிந்தவர் என்பதால், அவர் எழுத்தை மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள். உலகின் பிற பகுதிகளிலும் கோலால் தட்டும் இந்தக் கருவிக் குடும்பத்தின் கிளைகள் உள்ளன: ஸ்விட்சர்லாந்தின் அப்பன்செல் பகுதியில் ஹாக்பிரெட், சீனாவில் யாங்சின், ஹங்கேரியில் சிம்பலோம். புடாபெஸ்டில் ஷுண்டா என்ற கருவி வினைஞர் 1874இல் சிம்பலோமுக்குக் காலும் மிதியும் வைத்து மேடைக் கருவியாக்கினார். சந்தூருக்கு 1955க்குப் பின் நடந்ததோடு அதை ஒப்பிடுவது நல்ல தனி ஆய்வாகும். ஆனால் உங்கள் முதுநிலை ஆய்வில் தோற்ற வரலாற்றுக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அது முடிவில்லாத பாதை.

படிப்பைப் பொறுத்தவரை இரண்டு பெயர்களிலிருந்து தொடங்கலாம். ஒருவர் ஷேக் அப்துல் அஜீஸ். 'கோஷுர் சர்கம்' என்ற தொகுதிகளில் சூஃபியானாப் பாடல்களைச் சுரக்குறிப்போடு எழுதிவைத்தவர். இன்னொருவர் யோசெஃப் பாகோல்சிக். இந்த இசையைப் பற்றி 1996இல் விரிவான ஆய்வு நூலை வெளியிட்டவர். அஜீஸின் தொகுதிகளைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அவை இந்துஸ்தானி முறைச் சுரக்குறிப்பில் எழுதப்பட்டவை. ஒரு மரபின் இசையை மற்றொரு மரபின் எழுத்தில் பிடிக்கும்போது எலும்பு நிற்கும், சதை நழுவும். அச்சிட்ட ஒரு பாடலையும், அதே பாடலின் பழைய ஒலிப்பதிவையும், இன்றைய ஒரு குழு பாடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் எங்கெங்கே பிரிகின்றன என்று குறிப்பதே முழு ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை.

அச்சில் வராத சான்று குடும்பங்களின் கையில் இருக்கிறது. 'பயாஸ்' என்று சொல்லப்படும் கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்கள் அவை. பாரசீகமும் காஷ்மீரியும் கலந்த பாடல்கள், தலைப்பில் மகாமின் பெயர், பக்கத்தில் தாளத்தின் பெயர்; சில இடங்களில் வேறு மையில் யாரோ பின்னாளில் திருத்திய வரி. அந்தத் திருத்தங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மகாமின் பெயர் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதப்பட்டிருந்தால், ஒரு தலைமுறை பாடியதை அடுத்த தலைமுறை வேறாகப் புரிந்துகொண்டது என்று பொருள். அதை எந்த நேர்காணலும் உங்களுக்குச் சொல்லாது. இதற்குப் பாரசீக எழுத்தைப் படிக்கும் அளவுக்காவது தேர்ச்சி வேண்டும். ஆறு மாதம் அதற்கென்று ஒதுக்குங்கள். பாடுபவருக்கே பாரசீகச் சொற்பொருள் முழுதாகத் தெரியாமல் செவிவழியாக மட்டும் வந்திருக்கும் இடங்களும் உண்டு. அதைக் குறையாகக் கருதாமல், மரபு எப்படிக் கைமாறுகிறது என்பதற்கான சான்றாகக் கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாஃபிஸா என்ற பெண்கலைஞர்கள் சூஃபியானாவைக் கற்று, அதன் பாடல்களுக்கு அபிநயத்தோடு ஆடினார்கள். 1920களில் மகாராஜாவின் ஆட்சி, ஒழுக்கக்கேடு என்ற பெயரில் அந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததையும், அதன் பிறகு யாருடைய பெயர்கள் இசை வரலாற்றில் நின்றன, யாருடையவை நிற்கவில்லை என்பதையும் அறிந்த நமக்கு இதன் விளைவு புரியும். இன்று கிடைக்கும் குருபரம்பரைப் பட்டியல்கள் ஏறத்தாழ முழுவதும் ஆண்களின் பெயர்களாக இருப்பதைக் கண்டு, இது எப்போதும் ஆண்களின் இசையாகவே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். அண்மைக் காலத்தில் பந்திபோரா மாவட்டத்தில் இளம்பெண்கள் சந்தூரோடு சூஃபியானா கற்றுக் குழுவாகப் பாடிவருகிறார்கள். அவர்களைச் சந்திக்காமல் ஊர் திரும்ப வேண்டாம்.

ஒலிப்பதிவுகளுக்கு மூன்று இடங்கள். 1948இல் தொடங்கிய ஸ்ரீநகர் வானொலி நிலையம் முதலாவது. உஸ்தாதுகளை நாடறியச் செய்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதே நேரத்தில், இரவெல்லாம் நீளும் அமர்வை வானொலியின் சில நிமிட இடைவெளிக்குள் அடக்கியதும் அதுவே. ஆகையால் வானொலிப் பதிவைக் கேட்கும்போது, இது அமர்வின் துண்டா, வானொலிக்கென்று சுருக்கிய வடிவமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பர் வெள்ளம் அந்த நிலையத்துக்குள்ளும் புகுந்தது. எனவே பழைய நாடா ஒன்றைக் குறித்து யாராவது சொன்னால், அதன் பிரதி தனியார் வீடுகளில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இரண்டாவது, டெல்லியில் சங்கீத நாடக அகாதெமி. மூன்றாவது, அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் தொடங்கிய, குருகிராமில் உள்ள இனவரைவிசை ஆவணக் காப்பகம். காஷ்மீருக்கு டிக்கெட் எடுக்கும் முன் இந்த இரண்டு இடங்களிலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனால், "குலாம் முகம்மது காலீன்பாஃப் பாடிய இந்தப் பாட்டை நீங்கள் எப்படிப் பாடுவீர்கள்?" என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பவருக்கும், "சந்தூரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கும் அங்கே கிடைக்கும் பதில் வேறு.

கருவி செய்பவர்களைப் பலர் கடைசியில் சந்திக்கிறார்கள். நீங்கள் முதலில் சந்தியுங்கள். ஸ்ரீநகரின் ஜைனா கதல் பகுதியில் பல தலைமுறைகளாகச் சந்தூர் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த குலாம் முகம்மது ஜாஸுக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சாஸ்-எ-காஷ்மீர் மரபின் மூத்தவரான குலாம் முகம்மது சாஸ்நவாஸுக்கு அதே விருது 2013இல் கிடைத்திருந்தது; அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கருவி செய்பவரிடம் பாடகர் சொல்லாத செய்திகள் இருக்கும்: எந்த ஊரார் எந்த அளவில் கேட்கிறார்கள், மடியில் வைக்கும் புதிய வகையை எப்போதிலிருந்து அதிகம் கேட்கத் தொடங்கினார்கள், பழுதுக்கு வந்த பழைய கருவிகளின் உள்ளே என்ன இருந்தது. கையில் அளவுநாடா வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நான்கு பக்கங்கள், உயரம், குதிரைகளின் இடைவெளி, தந்தியின் தடிமன் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். குதிரைகளுக்கு அடியிலுள்ள தேய்மானத் தடங்களை உற்றுப் பாருங்கள். ஒரே குதிரைக்கு இரண்டு தடங்கள் இருந்தால் அது ஒருகாலத்தில் வேறிடத்தில் நின்றது, அதாவது கருவி வேறு சுருதியில் இருந்தது என்று ஊகிக்க இடமுண்டு.

இத்தனையையும் ஒரே ஆய்வில் செய்ய முடியாது. ஒரே ஒரு மகாமை எடுத்து, கிடைக்கும் எல்லாப் பதிவுகளிலும் அதைத் தொடருங்கள். அல்லது ஒரு குடும்பத்தின் பயாஸ் ஒன்றை எடுத்து அதில் எத்தனை பாடல்கள் இன்னும் பாடப்படுகின்றன என்று பாருங்கள். 1990க்குப் பிந்தைய பதற்றமான ஆண்டுகளில் இரவு அமர்வுகள் அருகியதால், ஒரு தலைமுறைக்கு முழு அமர்வைக் கேட்கும் வாய்ப்பே குறைந்துபோனது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கும்போது இசையோடு நின்றுகொள்ளுங்கள். அவர்களாகச் சொன்னால் மட்டும் மற்றதைக் கேளுங்கள், பெயரோடு எழுதலாமா என்று அந்த இடத்திலேயே அனுமதி பெறுங்கள். பாடுவதற்கு உரிய சன்மானத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கோடையில் எல்லாருக்கும் வேலை இருக்கும், சுற்றுலாக் கூட்டமும் இருக்கும். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரான சில்லை கலானில் போக உடல் இடம் கொடுத்தால், நீண்ட இரவுகளில் பேசவும் பாடவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். காங்கிரி என்ற கைக்கணப்பின் சூட்டுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே தந்திகள் அடிக்கடி இறங்கும். சுருதி சேர்ப்பதைப் பலமுறை பார்க்கும் வாய்ப்பு அப்படிக் கிடைக்கும். முதல் பயணத்தின் பதிவுகளைப் பிரதியெடுத்து, பாடியவர்களின் வீட்டில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். எந்த இடத்தில் தலையசைக்கிறார்கள், எந்த இடத்தில் "இதை வைத்துக்கொள்ள வேண்டாம்" என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் பயணத்துக்கான கேள்விகளை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.